அடி இறங்கிய சுவர்கள்

முத்துசெல்வியை அவள் கணவன் அருண்பாண்டி முதல் முறை அறைந்தபோது அவள் கன்னத்தில் எதுவும் ஆகவில்லை. ஹாலின் கிழக்குச் சுவரில்தான் தரையிலிருந்து கூரை வரை வெடிப்பு விழுந்தது. தென்காசி தனி மாவட்டமான வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. அவள் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியை. கான்கிரீட் எப்படி உடைகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பெரிய பாரம் ஏறி ஒரேயடியாக நொறுங்குவது இல்லை, தாங்கக்கூடிய சின்ன அடிகளே திரும்பத் திரும்ப விழுந்து ஒருநாள் எப்படி உடைத்துவிடுகின்றன என்பது. அவன் கட்டட கான்ட்ராக்டர். தான் போடும் கான்கிரீட்டில் கியூப் என்கிற சதுரக் கட்டி வார்த்து, அவள் கல்லூரிக்குச் சோதனைக்குக் கொண்டுவந்த இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். மற்றவர்களின் கியூப்கள் அழுத்தும் மிஷினில் வைத்த கொஞ்ச நேரத்தில் உதிர்ந்துவிடும். அவனுடையது கேட்ட அளவுக்கு மேலேயே தாங்கி, கடைசியில் துப்பாக்கிச் சத்தத்தோடு வெடிக்கும். சிமெண்டில் கை வைக்காத ஆள் என்று சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பிறகு அவளுடைய அண்ணன் மணிமுத்து சொன்னான். கல்யாணத்துக்காக அருண்பாண்டி தானே நின்று கட்டிய வீடு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த கூட்டாளிகளிடம் அவன் ஹால் பீமைக் காட்டிப் பெருமை பேசியபோது, அதில் பாதிக் கம்பி வேலையே இல்லாமல் சும்மா படுத்திருக்கிறது என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கூட்டாளிகளும் சிரித்தார்கள். அவர்கள் பைக்குகள் தெருமுனை தாண்டும்வரை அவன் பொறுத்திருந்தான்.

சத்தம் கேட்டு இருவருமே சுவரைத்தான் பார்த்தார்கள். கை வந்த காற்று மட்டும் அவள் முகத்தில் பட்டிருந்தது. அவன் அடித்ததை மறந்து வெடிப்பில் விரலை வைத்துத் தடவினான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். மறுநாள் புட்டி வைத்து அடைத்து, ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்தான். அதற்கடுத்த முறை குளியலறைச் சுவரில் டைல்ஸ் தெறித்தது. பிறகு மாடிப்படி, பிறகு சமையலறை மேடை. கைவிரித்து அடித்தால் வெடிப்பு ஐந்தாகக் கிளைவிட்டது. குத்தினால் நட்சத்திரம் போலச் சிதறியது. பெல்ட்டால் அடித்தால் நீளமாக, சீராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடியது. முத்துசெல்வி வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினாள். வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடையும். கட்டடம் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க அந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருந்தன. அவளுக்கோ உடம்பில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. வலிக்காததை அடி என்று சொல்லலாமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்ல முடியாது என்று தோன்றியதால் வருஷங்கள் போயின.

அருண்பாண்டிக்கு அது பொறுக்கவில்லை. அவன் அடிக்க ஆசைப்பட்டது அவளை. உடைந்தது அவன் உழைப்பு. "ஏட்டி, என் வீட்டயாட்டி இடிக்க? ஒருதடவையாவது வாங்கிக்கிட்டுச் சாவேன்!" என்று கத்திக்கொண்டே அடித்தான். ஒருநாள் கடப்பாரையை எடுத்து அவள் தோளில் போட்டான். கடப்பாரை தலையணையில் விழுந்ததுபோல விழுந்தது. மாடியின் தென்மேற்கு மூலையில் தூண் வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தது. அந்தக் கம்பியைப் பார்த்ததோடு வீட்டில் அடிப்பதை அவன் நிறுத்தினான். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே காரணம்தான். அதற்குப் பிறகு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், சாலையோரமாக நிறுத்தி, சீட் பெல்ட்டைக் கழற்றவிடாமல் அடித்தான். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கும் எதுவும் உடையவில்லை என்று இருவருமே நம்பினார்கள்.

அந்த ஆடி மாதத்தில் இலத்தூரில் ஹைருன் பீவியின் வீட்டு சன்ஷேடு விழுந்தது. ஹைருன் பீவியின் கணவர் தம்மாமில் வேலை செய்து அனுப்பியதில் எழுந்த வீடு. கட்டிக் கொடுத்தது அருண்பாண்டி. காய்ந்த துணியை எடுக்க ஹைருன் பீவி வாசலுக்கு வந்தபோது ஜன்னலுக்கு மேலிருந்த கான்கிரீட் பலகை முழுசாகப் பெயர்ந்து இடது கால் மேல் இறங்கியது. பாதம் இருந்த இடத்தில் சதையும் சிமெண்டும் கலந்து கிடந்ததால், டாக்டர்கள் கணுக்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி அவருடைய தம்பிகள் கல்லூரிக்கு வந்தார்கள். கல்லூரி முத்துசெல்வியை அனுப்பியது.

அவள் கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் ஸ்பிரிங் சுத்தியலால் சுவரெங்கும் தட்டிப் பார்த்தாள். கான்கிரீட் கல் மாதிரி இருந்தது, கம்பியில் துரு இல்லை, மண்ணும் இறங்கவில்லை. விழுவதற்கு ஒரு காரணமும் இல்லாத சன்ஷேடு அது. பிறகு அது பெயர்ந்து வந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். வெடிப்பு ஐந்தாகக் கிளைவிட்டிருந்தது. கட்டைவிரல் தனியாகத் தெரிந்தது.

"எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"சனிக்கிழம சாயங்காலம், மஹரிப் பாங்கு சொல்லும்போது. வெளிய ரோட்டுல ஒரு காரு நின்னுக்கிட்டு இருந்திச்சு" என்றார் ஹைருன் பீவி.

கார் கண்ணாடி வழியாக அந்தப் பாங்கொலியைத் தானும் கேட்டது முத்துசெல்விக்கு நினைவு வந்தது. பாங்கு முடியும்வரை அவன் அடித்தான். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் நீட்டியிருந்த கட்டுப் போட்ட காலின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஹைருன் பீவி நம்பாததுபோலப் பார்க்கவில்லை. முத்துசெல்வி கையெடுத்துக் கும்பிட்டபோது மட்டும் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அடி ஒங்களுக்கு, காலு எனக்கு. இதுல ஒங்க மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய மேடம்? அத நிப்பாட்டுங்க. அடுத்த வீடும் அவரு கட்டுனதுதான், அங்க தொட்டிலு கெடக்கு."

அன்று சாயங்காலமே முத்துசெல்வி துணிமணியோடு சுரண்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஒரு காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்கப் பார்த்தாள். அங்கிருந்த பெண் அதிகாரி அவள் சட்டைக் கையை மேலே தள்ளி, முதுகைப் பார்த்து, முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறலாவது காட்டும்மா" என்றார். முத்துசெல்வி போனில் இருந்த சுவர்ப் படங்களைக் காட்டினாள். "செவுத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுதியா?" என்று அவர் கேட்டார், கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

பத்து நாளில் அருண்பாண்டி சுரண்டைக்கு வந்தான். பஸ் ஏற நின்றவளின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சந்தை நேரத்துக் கூட்டத்துக்கு நடுவில், வயிற்றிலும் முகத்திலும் குத்தினான். தெருவின் எதிர்வரிசைக் கடைகள் அவன் கட்டியவை. குத்து விழ விழ அந்த வரிசையின் முன்கூரை துண்டு துண்டாக வந்தது. பழ வியாபாரி ஒருவரின் தோள்பட்டை நொறுங்கியது. வாழைத்தார்கள் ரத்தத்தில் கிடந்தன. ஜனங்கள் கடைப் பக்கம் ஓடியதால் அடிப்பவனைத் தடுக்க யாரும் வரவில்லை. தங்கையைத் தேடி வந்த மணிமுத்து, இளநீர்க் கடை அரிவாளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். முத்துசெல்வி அவன் கையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள்.

"வேண்டாம்ண்ணே! இவர வெட்டுனா அது எங்கன போயி எறங்கும்னு எனக்குத் தெரியாது!"

அருண்பாண்டி போய்விட்டான். அதன்பின் அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். அவன் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எது எப்போது வெடித்தது என்று கேட்டாள். ஜனங்களுக்கு நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வளைகாப்பன்று, தேர்தலன்று என்று சொன்னார்கள். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. அவன் அடி, அவன் கட்டியதைத் தேடிப் போகிறது. இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்துக்குள் எது பக்கமோ அதில் இறங்குகிறது. இதுவரை அவன் அவளை அடித்த இடத்திலெல்லாம் அந்தத் தூரத்துக்குள் அவன் கட்டியது ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை. பாரம் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். ஒன்று அவளில் இறங்கும், அல்லது வேறெங்காவது. அவளில் இறங்குவதென்றால், இத்தனை வருஷங்களில் அவன் கையின் பலத்தைச் சுவர்களில் பார்த்தவள் அவள். தூண் வெடித்ததைப் பார்த்தவள். இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள். பிறகு ஹைருன் பீவிக்குப் போன் செய்தாள்.

குற்றாலத்தில் அருண்பாண்டிக்கு ஒரு வேலைகூடக் கிடைத்ததில்லை. அங்கே லாட்ஜ் கட்டுகிறவர்கள் வெளியாளை விடமாட்டார்கள். ஐந்தருவிப் பக்கம் வந்தால் பேசி அவனோடு திரும்பி வருவதாக அவள் சொல்லியனுப்பினாள். சீசன் முடியப்போகிற நேரம், சாரல் விழுந்துகொண்டிருந்தது, ஈரத்துண்டோடு ஜனம் போய்வந்துகொண்டிருந்தது. மிளகாய் பஜ்ஜிக் கடை ஒன்றின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹைருன் பீவி ஊன்றுகோலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வரவேண்டாம் என்று முத்துசெல்வி எவ்வளவோ சொல்லியும், பார்த்தாக வேண்டும் என்று ஆட்டோ பிடித்து வந்திருந்தார். மணிமுத்து அவருக்குப் பின்னால் நின்றான். என்ன நடந்தாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று தங்கையிடம் சத்தியம் செய்திருந்தான்.

அருண்பாண்டி குடித்துவிட்டு வந்தான். "ஏறுட்டி கார்ல" என்றான்.

"வரமாட்டேன். இனிமே எப்பவும் வரமாட்டேன்" என்றாள் அவள்.

அவன் அறைந்தான். பச்சை மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. முத்துசெல்வியின் கன்னத்தில் சுரீரென்று ஒரு எரிச்சல் பரவியது. கல்யாணமாகி அவள் அவனிடம் உணர்ந்த முதல் வலி அதுதான். அது அத்தோடு நின்றது. மீதி முழுவதும் வந்த வழியே திரும்பியிருந்தது. அவன் வலது உள்ளங்கை பின்பக்கமாக மடிந்து, எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. அவன் அதைப் பார்த்தான். பிறகு இடது கையால் குத்தினான். அந்த முழங்கை தவறான திசையில் மடங்கியது.

"நிறுத்துங்க" என்று அவள் கத்தினாள். "என்ன அடிக்கல நீங்க. ஒங்களத்தான் அடிக்கீங்க. நிறுத்துங்க!"

அவள் இதை மனதாரத்தான் சொன்னாள் என்று பஜ்ஜிக் கடைக்காரர் இன்றும் சாட்சி சொல்கிறார். அவனால் நிறுத்த முடியவில்லை. உதைத்தான்; முழங்காலுக்குக் கீழே கால் இரண்டாகப் போயிற்று. விழுந்தவன் ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைக் கடித்தான். பற்கள் ஈரத் தரையில் உதிர்ந்தன. அவள் ஓடவில்லை. பாதியில் விலகினால் மிச்ச அடி இன்னொரு நாள் அவன் கட்டிய ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடி அங்கேயே நின்றாள். கடைசியில் அவள் முழங்காலில் அவன் தலையால் முட்டினான். அதன்பின் அசையவில்லை. ஹைருன் பீவி நாற்காலியிலிருந்து எழுந்து, ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்து, அவள் தோளைப் பிடித்து, "போதும், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அவன் சாகவில்லை. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான்; இப்போது திருவேங்கடத்தில் பெற்றோர் வீட்டில் இருக்கிறான். கஞ்சியை ஊட்டிவிட வேண்டும். பேச்சு திரும்பவில்லை. அருவிக்கரையில் அவளை அவன் அடித்ததை நூறு பேர் பார்த்திருந்ததால் விவாகரத்து சிரமமில்லாமல் முடிந்தது. முத்துசெல்வி ஒரு வருஷம் லீவு போட்டு, அவன் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றிலும் வெடிப்புகளுக்குள் பசை ஏற்றி, தூண்களுக்கு இரும்புப் பட்டை கட்டிக் கொடுத்தாள். ஹைருன் பீவி வீட்டில்தான் ஆரம்பித்தாள். அங்கே புது சன்ஷேடு வார்த்தபோது அவர் செயற்கைக் காலோடு ஏணியடியில் நின்று மேற்பார்வை பார்த்தார். எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதி ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியபோது, ஒரே ஒரு கட்டுநரை வைத்து முடிவுக்கு வர முடியாது, இன்னும் சிலரைச் சேர்க்கவும் என்று திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. சேர்க்க ஆள் கிடைப்பது கஷ்டமாகவும் இல்லை. காரணம் தெரியாத வெடிப்புள்ள வீடுகள் இந்தப் பக்கம் நிறைய இருந்தன.

இப்போது தென்காசி வட்டாரத்தில் புது வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் பார்க்கிறார்கள், தண்ணீர் பார்க்கிறார்கள், சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு கட்டியவரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்க்கிறார்கள். "அந்த வீட்ட வாங்கலாமாக்கா?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம் என்று அந்தப் பெண் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டால், கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்.