இழுத்துப் பார்த்த வயர்

ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்காமல் தோரா எஞ்சின் மூடியை மூட விடமாட்டாள். முப்பது வருஷம் பல் மருத்துவமனையில் ஊரார் வாயைச் சுத்தம் செய்தவள். ஆடுகிற பல்லைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற விரல். வயரும் பல்லும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. இழுத்தால் கையோடு வரக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்று கையோடு வந்துவிட்டது.

அவளும் கணவன் ஆர்லனும் ஏழு வருஷமாகக் கட்டிய விமானம் அது. மினசோட்டாவின் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுதளம், அதன் ஓரத்தில் வரிசையாகக் கொட்டகைகள். அதில் நாலாவது இவர்களுடையது. தகடு அடிப்பது, இறக்கை கோப்பது எல்லாம் ஆர்லன் பொறுப்பு. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். விரல் ஒவ்வொன்றும் வெள்ளரிக்காய் கனம். ஆகவே வயர் வேலை முழுக்கத் தோராவுடையது. மறுநாள் அவன் முதல் தடவையாக அதை மேலே கொண்டுபோகப் போகிறான், தன்னந்தனியாக. புது விமானத்தில் விமானியோடு இன்னொரு ஆளை ஏற்றச் சட்டம் விடாது. தான் பூட்டிய வயர்களை நம்பித்தான் புருஷன் பறக்கப் போகிறான் என்ற நினைப்பில் தோராவுக்கு ஒரு வாரமாகச் சோறு தண்ணி இறங்கவில்லை.

பத்து மணிக்கு மற்ற கொட்டகைக்காரர்கள் வருவார்கள். முதல் பறப்புக்கு முன்னால் விமானத்தைத் திறந்து வைத்துவிட வேண்டும். வருகிறவர்கள் குறை கண்ட இடத்தில் எல்லாம் நீல டேப் ஒட்டுவார்கள். அது அங்கே வழக்கம். ஒட்டுவதற்கு இடமே கிடைக்கக்கூடாது என்றுதான் தோரா எட்டு மணிக்கே வந்து இழுக்க ஆரம்பித்தாள்.

கையோடு வந்தது, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற எலெக்ட்ரானிக் இக்னிஷனிலிருந்து எஞ்சின் அளவுகள் காட்டும் திரைக்குப் போகிற வயர். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற சேதியைக் கொண்டுபோவது அதுதான். வயரோடு, மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு குட்டி ரெசிஸ்டரும் தொங்கியது. தோரா அதை அங்கே வைக்கவே இல்லை. திரைக்குப் பின்னால் அல்லவா வைத்திருந்தாள்! முனையைச் சாதாரண குறட்டால் கடித்து நசுக்கியிருந்தது.

"ஆர்லன்!"

அவன் ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தான்.

"இதை யாரு தொட்டது?"

"எதை?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் அவனுக்கு என்றைக்குமே வாய்த்ததில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து நின்றான். "நான்தான். வியாழக்கிழமை நீ சர்ச்சுல பாடப் போயிருந்தியே, அப்போ."

"ஏன்? நான் போட்டது தப்பா?"

அவன் இக்னிஷனோடு வந்த கையேட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தான். தோரா படித்தாள். ரெசிஸ்டர் இக்னிஷனை ஒட்டியே இருக்க வேண்டும். இருந்தால், வயர் வழியில் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டாலும் இக்னிஷன் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தொட்ட நொடியே அடங்கிவிடும். எஞ்சினுக்கு இரண்டு இக்னிஷன். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். ஆனால் தோரா இரண்டிலிருந்தும் திரைக்குப் போகிற இரண்டு வயரையும் ஒரே கட்டாகக் கட்டி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பில் ஒரே ஓட்டை வழியாகத்தான் விட்டிருந்தாள். அழகாக இருக்கிறது என்று அவளே மெச்சிக்கொண்ட கட்டு. அங்கே உரசினால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"போன மாசம் ஒரு ஸ்க்ரூ லூசா இருந்ததுக்கே ரெண்டு நாள் அழுதே. இதைச் சொன்னா நீ இந்தப் பக்கமே வரமாட்டியேன்னு தோணுச்சு."

"அதுக்காக மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி நசுக்கி வெப்பியா? முனையை நசுக்கத்தானே என் கிரிம்பிங் டூல் இருக்கு, அது எங்க போச்சு?"

"நீதான் டிராயரைப் பூட்டிச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிறியே."

சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "கிழவா, மேலே ஏறுறப்போ நீ நசுக்குன ரெண்டும் கழண்டிருந்தா? எஞ்சின் பாட்டுக்கு ஓடும். திரையில மட்டும் சுற்று பூஜ்யம்னு காட்டும். எஞ்சின் நிக்கப் போகுதுன்னு பதறி நீ சோளக்காட்டுல இறக்கியிருப்பே."

ஆர்லன் குனிந்து அந்த முனையைப் பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவளுக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் வெட்கம் இரண்டு பங்கு. அத்தனைக்கும் அடியில் இந்த மனுஷன் இல்லாமல் தனக்கு ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் கிடந்து உறுத்தியது. "ஒருத்தர் வாயில சொத்தையைப் பாத்துட்டு, மனசு நோகுமேன்னு சொல்லாம அனுப்பினா நான் என்ன ஆளு? நோகட்டும். எங்கிட்ட எதையும் மறைக்காதே ஆர்லன். நல்லதுக்காகக்கூட."

"மறைக்கல இனிமே" என்றான் அவன்.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தபோது இரண்டு நீல டேப்புகள் ஏற்கெனவே ஒட்டியிருந்தன. பக்கத்துக் கொட்டகை மெல்வின் குனிந்து பார்த்தான். "யாரும்மா இது, எங்களுக்கு முந்தி?"

"ஒண்ணு என் தப்பு. இன்னொண்ணு இவன் தப்பு" என்றாள் தோரா. "பறக்கிறது அடுத்த வாரம்."

மெல்வின் கேலிக்கு வாயெடுத்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த காப்பியைக் குடித்துக்கொண்டான்.

அந்த வாரம் இரண்டு வயரும் தனித்தனி வழியில் போயின. ரெசிஸ்டர்கள் இக்னிஷனை ஒட்டியே ஒழுங்காக இறுகின. அவள் பூட்டினாள், அவன் விளக்குப் பிடித்தான்.

அடுத்த சனிக்கிழமை ஓடுதளத்தின் ஓரத்தில் கையில் வாக்கிடாக்கியும் மடியில் நோட்டுமாகத் தோரா உட்கார்ந்திருந்தாள். மேலே வட்டமடித்தபடி அவன் சொல்லச் சொல்ல அவள் எண்களை எழுத வேண்டும். சுற்று இரண்டாயிரத்து நானூறு. எண்ணெய் அழுத்தம் சரி. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆர்லன்?"

"மூணாவது சிலிண்டர் சூடு கொஞ்சம் ஏறுது. நானூத்திப் பத்து டிகிரி."

"புது எஞ்சின், அப்படித்தான் இருக்கும். வேகத்தைக் குறை."

"குறைச்சிட்டேன், இறங்குது." அவள் அதையும் எழுதினாள். "தோரா, இன்னொண்ணும் இருக்கு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "என்ன?"

"கை வேர்க்குது. பயமா இருக்கு."

ஏழு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவளைத் தூங்கவைக்கத்தான் அத்தனை நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற மெல்வின் காதில் விழாதவன் போலத் திரும்பிக்கொண்டான்.

"எனக்கும்தான்" என்றாள் தோரா. கண்ணீர் நோட்டில் சொட்டியது. "இறங்கி வா. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

சக்கரம் தரையைத் தொடும்வரை அவள் பேச்சை நிறுத்தவே இல்லை.