நண்பகலில் ஒரு பச்சை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சிவகாசிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த வீரலட்சுமி சொன்னதை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: கும்மிருட்டில் வானம் பூத்துக் குலுங்க...

[அடித்தாயிற்று. நடந்தது மொட்டை வெயிலில்.]

2

வீரலட்சுமி தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வாணவெடிக்குள் மணிமருந்து, அதாவது நிறம் தருகிற மருந்து உருண்டைகளை, அடுக்குகிறவள். அடுக்குகிற வரிசைப்படிதான் வானத்தில் நிறம் வரும். பதினோரு வருடம் கம்பெனி சொன்ன வரிசையில் அடுக்கியவள், இந்தமுறை தன் யோசனையில் ஒன்று செய்ய நச்சரித்து அனுமதி வாங்கினாள். ஒரே ஒரு சாம்பிள், அதற்குமேல் கிடையாது என்று கண்டிப்பு.

அவள் செய்தது ஆவாரம்பூ. மஞ்சள் விரிந்து அணைகிற நொடியில் நடுவே ஒரு பச்சை. சரியாக வந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் கொளுத்தித்தான் ஆகவேண்டும். என்ன அநியாயமான, என்ன அருமையான வேலை!*

(* பட்டாசுக் குழாய் சுருட்டுவது பழைய தாளில்தான். நான் எழுதுகிற இந்தத் தாளும் ஒருநாள் அங்கே போய்ச் சேரலாம். சேரட்டுமே, நன்றாக வெடித்தால் சரி.)

3

ஆர்டர் கொடுக்க வந்த வடக்கத்திக்காரர் பகல் பன்னிரண்டுக்கே கிளம்பி நின்றார். இருட்டும்வரை இருக்க முடியாதாம், இப்போதே காட்டினால் பார்ப்பாராம்.

வீரலட்சுமியின் கண்கள் குளமாகி... [இல்லை. இவள் அழுகிற ஆள் இல்லை.]

"இந்த வெயில்ல ஒண்ணும் தெரியாதும்மா. இருக்கிறது ஒண்ணு, பத்திரமா வச்சுக்க" என்றார் மேனேஜர் பாண்டிமுருகன்.

"வச்சு, நமத்துப் போறதுக்கா? பத்த வைங்க அண்ணாச்சி!"

திரி சீறியது. வெடி மேலே போனது. அவள் அதுவரை சொல்லும்போதே என் நிறுத்தம் வந்துவிட்டது; போன் நம்பரை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன், மீதி என் கற்பனை.

4

முடிவு அ: வந்தவர் கைதட்டி, சீசன் முழுவதுக்கும் ஆர்டர் கொடுத்தார்.

முடிவு ஆ: புகைதான் தெரிந்தது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இரண்டையும் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வந்ததே கோபம்!

"அவுக என்ன சொன்னாகங்கிறதா கதை? பச்சை வந்துச்சான்னு கேக்க மாட்டீகளா?"

"வந்துச்சா?"

"அம்புட்டுப் பேரும் கண்ணு கூசித் தலையக் குனிஞ்சுட்டாக. நான் ஒருத்திதான் குனியல. வந்துச்சுங்க! கண்ண மூடித் தொறக்கிற நேரம். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அடுத்ததுல நடுவுல செவப்பு வைக்கலாம்னு இருக்கேன்."

"அடுத்ததா? ஒண்ணுதானே அனுமதி?"

"கேட்டா குடுக்காமலா போயிருவாக?"

5

ஆகவே வாசகரே, அ, ஆ இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பச்சையில் மட்டும் கை வைக்காதீர்கள். அது வந்தது.