விருது வாங்கிய படத்தில் கரீம் பாட்சா

பஞ்சாபகேசன் எடுத்த செய்திப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்துவிட்டது. தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். பம்பாய் மாட்டுங்காக்காரன் ஒருத்தன் டெல்லி வரை போய் விருது வாங்கினால் மாட்டுங்கா சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபா ஹாலில் பாராட்டு விழா, கூடவே படமும் உண்டு, காமிரா முன்னால் நின்றவர்களெல்லாம் குடும்பத்தோடு வரவேண்டும் என்று பஞ்சாபகேசன் தாராவிக்கு ஆள் அனுப்பியிருந்தான்.

சேதி கேட்டதிலிருந்து தாராவியில் மெஹராஜுக்குச் சோறு இறங்கவில்லை. விருது யாருக்குக் கிடைத்தால் அவளுக்கென்ன? பஞ்சாபகேசன் தனக்குக் கொடுத்த வாக்கை மீறியிருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா என்றால், உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றில், அவள் புருஷன் கரீம் பாட்சா தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக நின்று காமிராவைப் பார்த்து முக்கால் மணி நேரம் பேசினான். கை வெந்துபோவதை, நெஞ்சு எரிவதை, இருமலுக்கு நடுவே சிரித்துச் சிரித்துச் சொன்னான். மறுநாளே அது முதலாளி காதுக்குப் போய்விட்டது. "அந்த மூஞ்சி படத்துல வந்தா, அந்த மூஞ்சிக்கு இங்க வேலையில்ல" என்றார் அவர்.

அன்றைக்கே மெஹராஜ் மகள் சாயிராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். "அவுக மொகமும் வேண்டாம், கொரலும் வேண்டாம். எடுத்துருங்க சார்" என்று பஞ்சாபகேசனிடம் அழுதாள். அவன் சத்தியம் செய்தான். வேலை பிழைத்தது. கரீம் பாட்சா பிழைக்கவில்லை. நாலே மாதத்தில் அதே இருமல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

புருஷன் போனபின் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தா முடிந்து அவள் வெளியே வந்தபோது படம் முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்த பிறகு போய், அவன் முகத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டாள். அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அவர்கள் குடும்பத்தில் போட்டோ எடுப்பது ஆகாத காரியம், கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். சாயிராவுக்கு இப்போது ஆறு வயசு. வாப்பா எப்படி இருப்பாரு என்று கேட்டு நச்சரிக்கிறாள். மெஹராஜுக்கே கொஞ்ச நாளாக அவன் முகம் சரியாகப் பிடிபடவில்லை. இதை வெளியில் சொல்ல முடியுமா?

பக்கத்து ஒற்றை அறைக் கோலியில் குடியிருக்கும் பூமாரிதான் தைரியம் சொன்னாள். "ஏட்டி, படம் புடிக்கவன் என்னைக்குச் சொன்ன சொல்லக் காப்பாத்துனான்? தண்ணி பைப்பு வரும்னு சொல்லி நம்மள வரிசையா நிக்கவச்சுப் புடிச்சுட்டுப் போனாம்லா ஒருத்தன், வந்துச்சா? ஒம் மாப்ள கட்டாயம் இருப்பாக. போ."

ஹாலில் முன்வரிசை முழுக்கப் பட்டும் சந்தனமும். மெஹராஜ் மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. திரையில் சாக்கடை ஓடியது, தோல் தொங்கியது, யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தான்.

"உம்மா, வாப்பா கிதர்? எங்க இருக்காரு?"

"வருவாக."

சுண்ணாம்புத் தொட்டி வந்தது. அவன் நின்ற அதே இடம். மெஹராஜ் முன்னால் சாய்ந்து பார்த்தாள். காமிரா தொட்டியைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, வேறு தெருவுக்குப் போய்விட்டது.

சாயிரா மறுபடி கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள், அழுகிற குரலில். படம் முடியப்போகிறது என்பது இசையிலேயே தெரிந்தது. யாரோ ஒருத்தன் தலையில் தோல் கட்டோடு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனான்.

"அன்னா போறாகல்லா, அவுகதான்" என்றாள் மெஹராஜ்.

சாயிரா நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். "வாப்பா எவ்ளோ ஒசரம்!" கரீம் பாட்சா குள்ளம்.

விழா முடிந்து வாசலில், கழுத்து மாலையோடு பஞ்சாபகேசனே அவளைத் தேடி வந்தான். நல்லவன், மறக்கவில்லை.

"வாங்கோம்மா. பாத்தேளா, நீங்க கேட்டபடியே பண்ணிட்டேன். அவர் பேசினதுதான் படத்துக்கே உசிருன்னு எடிட்டர் எங்கிட்ட மல்லுக்கு நின்னார். நான் மசியலை. ஒரு எடத்துல கூட உங்க வீட்டுக்காரர் கெடையாது. அவர் வேலைக்கு ஒண்ணும் பங்கம் வரலையே?"

கரீம் பாட்சா செத்தது இவனுக்குத் தெரியாது என்று அப்போதுதான் மெஹராஜுக்குப் புரிந்தது. "வெட்டுனது எங்கயாச்சும் கெடக்குமா சார்?"

"பயப்படாதீங்கோ. யார் கையிலயும் சிக்கிடக் கூடாதுன்னு அப்பவே எரிச்சுட்டேன்."

அவன் முகத்தில் அத்தனை நிறைவு. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "ரொம்ப உபகாரம் சார்" என்றாள். யாரோ கூப்பிட, அவன் சந்தோஷமாக உள்ளே போனான்.

சாயிரா அண்ணாந்து பார்த்தாள். "வாப்பா இல்லேங்குறாரே உம்மா. அப்ப நான் பாத்தது யாரு?"

மெஹராஜ் குனிந்து அவள் முக்காட்டைச் சரிசெய்தாள்.  சாயிரா உம்மாவின் கையை விட்டுவிட்டு, தனியாக முன்னால் நடந்தாள்.