கத்தரிப் பாத்தியில் கிரவல்

தள்ளுவண்டிலின் சில்லுக்குக் குறுக்கே காலை வைத்து நின்றாள் கமலாசனி.

"இனி ஒரு அடி தள்ளினியளெண்டா, என்னையும் சேத்து மூடிப் போடுங்கோ!"

வண்டில் நிறையக் கிரவல் கல். வீரகத்திக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கைப்பிடியை விடவில்லை.

"விலத்து."

"விலத்தமாட்டன்!"

விடிந்ததும் விடியாததுமாக ஒரு டிப்பர் வந்து படலையடியில் கிரவலைக் குன்றாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. முன்வாசல் சேற்றுக்குப் போடத்தான் புருசன் எடுப்பித்திருக்கிறான் என்று நினைத்து, மனதுக்குள் மெச்சிக்கொண்டே குசினிக்குள் போனாள். பிட்டை அவித்து இறக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தால், முன்வாசலில் ஒரு கல்கூட விழவில்லை. எல்லாம் கிணற்றடியைச் சுற்றிப் பின்வளவுக்குப் போய், அவளுடைய கத்தரிப் பாத்தியில் விழுந்துகொண்டிருந்தது. கோடை முழுக்க வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்த்த கண்டுகள். வெள்ளிக்கிழமை முதற்காய் பிடுங்கிக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோக இருந்தாள். பாதிப் பாத்தி ஏற்கனவே கல்லுக்குள்!

"ஏனெண்டு கேக்கிறன். வாயில என்ன கொழுக்கட்டையோ?"

"ரக்டர் விட இடம் வேணும்."

"எந்த ரக்டர்? சைக்கிளுக்கு ஒழுங்கா ஒரு செயின் இல்லை, இவருக்கு ரக்டர்!"

வேலிக்கு மேலால் அடுத்த வளவு வடிவம்மாவின் தலை முளைத்தது.

"என்ன கமலாசனி, பின்வளவுக்கால ஏ நைன் றோட்டுப் போகுதோ? பளை பஸ் இதால வருமே?"

"வந்தா உங்களைத்தான் முதல் ஏத்தி அனுப்புவன் அக்கா. பேசாமல் உள்ள போங்கோ!"

அந்த இடைவெளி போதும் வீரகத்திக்கு. வண்டிலை வெட்டித் திருப்பிக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டான். கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அங்கே கண்ட காட்சி எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. கண்டுகளின் மேல் தடாலெனக் கொட்டுகிறவன், முருங்கையடி மூலையில் மட்டும் குந்தியிருந்து, கிரவலைக் கையால் அள்ளி அள்ளி வைத்தான். பிள்ளைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி, அவ்வளவு பதம்!

"என்ர கண்டுகளை நசிச்ச மனுசனுக்குக் கல்லில இரக்கம் வருது பாருங்கோவன்! இந்தக் கை ஒருநாள் எனக்கு இப்பிடிப் பதமாத் தலை தடவினதோ?"

"அங்கால போ, கமலா." அவன் குரல் நடுங்கியது. களவு பிடிபட்டவனின் நடுக்கம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

முருங்கையில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பறித்தெடுத்தாள்.

"கொட்டுங்கோ. நல்லாக் கொட்டுங்கோ. நான் கிண்டி எறியிறன். ஆர் முதல் களைக்கிறதெண்டு பாப்பம்!"

ஓங்கினாள்.

"கொத்தாதை!"

பாய்ந்து வந்து பிடியைப் பற்றினான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் அவன் இப்படி முரட்டுத்தனம் காட்டியதேயில்லை.

"விடுங்கோ கையை! எனக்குச் சொல்லாமல் என்ர பாத்தியில கை வைக்க நீங்கள் ஆர்?"

"சொன்னா நீ ஊருக்குச் சொல்லுவாய். ஊர் ஆமிக்காரருக்குச் சொல்லும். அவங்கள் வந்து எங்களை வளவை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்." வீரகத்தியின் கண் கலங்கியிருந்தது. "முந்தி ஒருக்கா சண்டையில எழும்பிப் போய்த் திரும்பி வரேக்க முகடும் இல்லை, கதவும் இல்லை. இனி இந்த முரசுமோட்டையை விட்டு ஒருக்காலும் மூட்டை கட்டமாட்டன் கமலா. என்னால ஏலாது."

"விசர்க்கதை கதையாதைங்கோ! கத்தரிப் பாத்திக்காக ஆர் எங்களை எழுப்பிறது?"

அவன் ஒரு கையால் மண்வெட்டியை இறுகப் பிடித்தபடியே குந்தி, மற்றக் கையின் விரல் நுனியால் கிரவலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினான்.

துருப்பிடித்த வால் ஒன்று, செட்டை செட்டையாக, மண்ணுக்கு வெளியே தெரிந்தது. நேற்றுப் பின்னேரம் அதற்கு ஒரு சாண் தள்ளிக் குந்தியிருந்துதான் அவள் களை பிடுங்கினாள்.

"சண்டை நேரத்துச் செல்," என்றான் வீரகத்தி. "முந்தநாள் வாய்க்கால் வெட்டேக்க மண்வெட்டியில தட்டுப்பட்டது. இன்னும் வெடிக்கேல்லை."