டிரைவர் பக்கத்துத் தகடு

கொழும்பு மட்டக்குளியில் அந்தப் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கெதியாக் காட்டுங்கோ, நான் போகவேணும்" என்று வரதராசா ஐயாமேல் எரிந்து விழுந்தேன். எங்கே போக? கொட்டாஞ்சேனை வீட்டில் எனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை.

வெள்ளவத்தை வரதராசா ஐயாவின் மொரிஸ் மைனருக்கு டிங்கரிங் வேலை முடித்து, எண்பத்து மூன்று ஜூலையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் தொடங்கிய திங்கட்கிழமை, அவர் வீட்டில் விட்டுவரப் புறப்பட்டார் என் மனுசன் யேசுரட்ணம். காரும் போய்ச் சேரவில்லை, ஆளும் திரும்பி வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? காரை விற்றுவிட்டு இந்தியாவுக்கு வள்ளமேறிவிட்டார் என்றார்கள். இராமேஸ்வரத்தில் கண்டதாகக்கூட ஒருத்தி சொன்னாள். குழாயடியில் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். ஐயாவும் அதையேதான் நம்பினார். "என்ர மனுசன் கள்ளன் இல்லை!" என்று அவர் வாசலில் நின்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, எரிந்த மொரிஸ் ஒன்று இங்கே கிடப்பதாகக் கேள்விப்பட்டு அவரே என்னைக் கூட்டிவந்தார். எஞ்சினும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. வெறும் கூடு.

"எரியேக்க உள்ளுக்கு ஆரும் இருந்தவையோ?" என்று கேட்டேன்.

கடைக்கார ஹுசைன் நானா நிலத்தைப் பார்த்தார். "டிரைவர் சீட்ல ஒரு ஆள் இருந்திச்சின்டு சொன்னாங்க, தங்கச்சி. ஆருன்டு தெரியா."

"அவர் வைச்ச வெல்டிங் ஒட்டு உங்களுக்குத் தெரியும்தானே, றஞ்சிதம்? டிரைவர் பக்கத்து அடித்தகடு. பாருங்கோ" என்றார் ஐயா.

தெரியாமலா? விளக்குப் பிடித்ததே நான்தானே. ஃபெக்டரியில் மெஷின் வைத்த ஒட்டு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரே இடைவெளியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி. கையால் காஸ் பிடித்து ஒட்டினால் தடித்த கோடு விழும், இறால் முதுகு மாதிரி மடிப்பு மடிப்பாக. பெயின்ற் எரிந்து போனதால் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

வேண்டுமென்றே இடது பக்கம்தான் முதலில் போனேன். புள்ளி, புள்ளி, புள்ளி. எல்லாம் ஃபெக்டரி வேலை. மாதாவே, மற்றப் பக்கமும் இப்படியே இருக்கட்டும்.

டிரைவர் பக்கம் இறால் முதுகு. சரி, கொழும்பில் டிங்கரிங் செய்கிறவர் இவர் ஒருவர்தானா? கையை அடியில் விட்டுத் தடவினேன். விரலில் பிறை மாதிரி ஒரு பள்ளம் தட்டியது.

அது நான் விழுத்திய பள்ளம். அவர் மேலிருந்து அடிக்க, நான் கீழே இரும்புக்கட்டியை அண்டை கொடுத்துப் பிடித்திருந்தேன். அன்றைக்கும் ஏதோ சண்டை. கோபத்தில் என் கை சறுக்கிவிட்டது. "விடடி, ஆர் குனிஞ்சு பார்க்கப் போறான்?" என்று சிரித்தார்.

"என்ன றஞ்சிதம்?"

கையைச் சேலையில் துடைத்தேன். கரி போகவில்லை. "இது முழுக்க ஃபெக்டரித் தகடு. உங்கட கார் இல்லை."

ஐயா குனிந்து பார்த்தார். அந்தக் கோடு குருடனுக்கும் தெரியும். "அப்ப யேசுரட்ணம்...?"

"வித்துப் போட்டு ஓடிட்டார், ஐயா. நீங்க சொன்னதுதான் சரி. என்ர மனுசன் கள்ளன்." கரிக்கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். "கள்ளன் எங்கயாவது நல்லா இருக்கட்டும்."