அடிவயிற்றில் ஒரு வெளிச்சம்

1
பேருந்தில் தோன்றிய ஒரு சந்தேகத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. அரூரிலிருந்து மொரப்பூர், அங்கிருந்து ரயில் என்று பகலெல்லாம் போகிற பெண்கள் வழியில் சிறுநீர் கழிக்க எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை, அடக்கிக்கொள்கிறார்கள். கதை எழுதிக் கிழிக்கிறவனுக்கு இது உறைக்க இத்தனை வயதாயிற்று.

2
அரூர் மெத்தைக் கடை அப்துல் சுபானின் மனைவி அமீருன்னிசாவுக்கு மாதக்கணக்காகக் காய்ச்சல். வலி, திரியைத் தூண்டிவிட்ட விளக்கு... [அழகு வேண்டாம்.] இடுப்பில் வலி. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஆண்டு 1988. உடம்புக்குள் நோயிருக்கும் இடத்தைக் காட்டும் காமிரா தர்மபுரி மாவட்டத்தில் இல்லை. ஆகவே கதையும் அவர்களோடு ரயிலேறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

3
எதிர்ப்பொருள் எனப்படுவது யாதெனில்... [பாடம் நடத்தாதே.] கதிரியக்கம் ஏற்றிய எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, ஊசியில் போடுவார்கள். உடம்பில் அழற்சி உள்ள இடத்தில் கூடியிருக்கும் வெள்ளணுக்களில் அது போய் ஒட்டிக்கொள்ளும். காமிராவில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். மிச்சக் கதிரியக்கம் சிறுநீரில் இறங்கும். அதனால் படமெடுக்குமுன் கழித்துவிட்டு வரவேண்டும்.

கழிப்பறை, ஆண்கள் வரிசைகட்டி நின்ற வராந்தாவின் கோடியில் இருந்தது.

"போய்ட்டு வந்துட்டீங்களாம்மா?"

கேட்ட ஊழியரும் ஆண். அமீருன்னிசா போகாமலே தலையாட்டிவிட்டாள்.

4
படத்தில் அடிவயிறு பளீரென்றிருந்தது.

"கர்ப்பப்பை பக்கம் சீழ் புடிச்சிருக்கு," என்றார் டாக்டர். "மூத்திரப்பையா இருக்காது, போய்ட்டுத்தானே வந்தாங்க. நாளைக்கு வயித்தத் திறந்துடுவோம். கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வரலாம்."

"எங்களுக்கு இன்னும் புள்ள இல்லீங்களே," என்றான் சுபான். "வேற வழி இல்லீங்களா?"

அந்த வெளிச்சம் எதுவென்று அமீருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை ஆண்கள் முன்னால் எதையென்று சொல்வாள்?

"ஏங்க..."

"என்ன அமீரு, வலிக்குதா?"

"இல்லீங்க..."

5
முதல் முடிவு: சொல்லிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், அவள் வாயிலிருந்து என் குரல் வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: கத்தி. திறந்து பார்த்தால் கர்ப்பப்பையில் ஒரு குறையும்... [இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.]

எனவே டாக்டரை வெளியே அனுப்புகிறேன். சுபானையும். நானும் ஆண்தான், போய்விடுகிறேன். வாசிக்கிற நீங்கள் ஆணென்றால் என்னோடு வராந்தாவுக்கு வந்துவிடுங்கள். பெண்ணென்றால் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் கேட்டால் சொல்வாள்.

சீக்கிரம் கேளுங்கள். டாக்டர் ரொம்ப நேரம் வெளியே நிற்கமாட்டார்.