லிஃப்டுக்குள் இரண்டு கட்சிகள்

மெக்கானிக்குக்கும் அவருடைய மச்சானுக்கும் ஒரே கம்பெனியில் வேலை. ஒரே வேனில் போவார்கள், ஒரே டப்பாவில் கட்டிய சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். டப்பாவைக் கட்டித் தருபவள் ஒருத்திதான். இவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா. பழுதான லிஃப்டைச் சரி செய்வதில் இருவருக்கும் இடையே பேச்சே தேவைப்படாது. இவர் கையை நீட்டினால் அவன் சரியான ஸ்பேனரை வைப்பான். ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். கைப்பேசி.

மெக்கானிக் ஆண்ட்ராய்டுக் கட்சி. முகப்புத் திரையைத் தானே அமைத்துக்கொண்டவர். செட்டிங்ஸில் யாரும் போகாத அறைகளுக்குள்ளெல்லாம் போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். மச்சான் ஐபோன் கட்சி. வாங்கின அன்று எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியேதான் இருக்கிறது அவன் போன். அதையே ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்வான்.

அன்று காலை ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. கதவைத் திறந்து மூடுகிற கருவி உடைந்து, உதிரி பாகம் வராமல் லிஃப்ட் சில நாளாக நின்றுகிடந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே படி ஏறினார்கள். நாலாம் மாடியில் இருந்த கணக்கு டீச்சரால் அது முடியாது. அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவருக்குக் கல்யாணம்.

"பத்தரைக்கு லிஃப்ட் ஓடுமா?" என்று காலையிலேயே கதவைத் திறந்து கேட்டார் டீச்சர். தலைமுடி பாதி சீவியபடி இருந்தது.

"பத்துக்கே ஓடும் டீச்சர். நீங்க நிம்மதியாத் தயாராகுங்க," என்றார் மெக்கானிக்.

"ஓடலைன்னா அவர் ரெண்டு நண்பர்களோட வந்து என்னைத் தூக்கிட்டு இறங்குறேன்னு சொல்லியிருக்கார். எனக்கு அது வேணாம். என் கல்யாணத்துக்கு நானே போகணும். அலமாரி மாதிரி என்னை யாரும் இறக்கக் கூடாது."

மெக்கானிக்குக்கு அந்தச் சொல் மனதில் தைத்தது. ஒன்பதரைக்குள் புதுக் கருவியை மாட்டினார். அதன் பிறகு கீழிருந்து ஒவ்வொரு மாடியாக நின்று, கதவுப் பூட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே ஏறினார்கள்.

லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாத அழகான ஏற்பாடு ஒன்று இந்தப் பூட்டுகளில் உண்டு. ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு பூட்டு. பூட்டோடு சேர்ந்து ஒரு சின்ன மின் தொடர்பு. எல்லா மாடித் தொடர்புகளும் ஒரே கம்பியில் கோத்த மணிகள் மாதிரி வரிசையாக இணைந்திருக்கும். மின்சாரம் எல்லா மணிகளையும் தொட்டுக்கொண்டு போனால்தான் மோட்டார் ஓடும். எங்கோ ஒரு கதவு விரலளவு திறந்தாலும் கம்பி அறுந்த மாதிரி. லிஃப்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு உற்சாகம் வரும். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எல்லாரும் 'சரி' என்றால் மட்டும் நகரும்.

மூன்றாம் மாடிப் பூட்டை முடுக்கும்போதுதான் மச்சான் வாயைத் திறந்தான்.

"என்ன மாமா, நேத்து ராத்திரியும் போன்ல ஏதோ நோண்டிட்டு இருந்தீங்களாம்? அக்கா சொல்லிச்சு."

"நோண்டலடா. பார்த்தேன். எந்த ஆப் எவ்வளவு பேட்டரி குடிக்குதுன்னு."

"என் போன் அதெல்லாம் தானாப் பார்த்துக்கும்."

"திறந்து பார்க்க முடியாத சாமானை என்னோடதுன்னு நான் எப்படிடா சொல்லிக்கிறது?" மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து ஆட்டினார். "முதல்ல பேட்டரியை ஒட்டினாங்க. அப்புறம் இயர்போன் ஓட்டையை அடைச்சாங்க. பட்டனை எடுத்தாங்க. இப்படியே போனா ஒருநாள் கையில ஒரு கண்ணாடித் துண்டைக் குடுத்து, மாசாமாசம் வாடகை கட்டுன்னு சொல்வாங்க."

"உங்க ஆளுங்களும்தானே ஓட்டையை அடைச்சாங்க?"

"அடைச்சாங்க. இவங்களைப் பார்த்துத்தான் அடைச்சாங்க!"

"சரி மாமா. இந்த லிஃப்ட் கேபினட்டை நீங்க ஏன் பூட்டி வைக்கிறீங்க? வீட்டுக்காரங்களோட லிஃப்ட்தானே? திறந்து விடுங்களேன், ஆளாளுக்கு நோண்டட்டும்."

மெக்கானிக் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டார். பதிலைத் தேடிக்கொண்டே எழுந்தார், தேடிக்கொண்டே நாலாம் மாடிக்கு ஏறினார். லிஃப்டை இயக்கும் கண்ட்ரோலர், அங்கே கதவுக்குப் பக்கத்தில் ஒரு கேபினட்டுக்குள் இருந்தது. சோதனை ஓட்டத்தின்போது ஒருவர் கேபினட் பக்கத்தில் நிற்க வேண்டும், மற்றவர் உள்ளே போக வேண்டும். தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற விதி அது.

"இங்க பாரு," என்று மெக்கானிக் லிஃப்டுக்குள் நுழைந்தார். "ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்ன? இந்தக் கண்ட்ரோலர்தான். ஒரே நேரத்துல நாலு பேர் நாலு மாடியில பட்டனை அமுக்குறாங்க. யாருக்கு முதல்ல போறது? மேல போறப்ப மேல கூப்பிட்டவங்களை எல்லாம் வரிசையா ஏத்திக்கிட்டு, திரும்புறப்ப கீழ கூப்பிட்டவங்க. போனுக்குள்ளயும் அதே பஞ்சாயத்துதான். பாட்டு ஓடணும், மெசேஜ் வரணும், மேப் காட்டணும். எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே மூளை..."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று மச்சானும் பின்னாலேயே ஏறினான். "பஞ்சாயத்துப் பண்றவன் ஒழுங்காப் பண்ணினாப் போதும். ஒவ்வொரு தீர்ப்பையும் நான் படிச்சுப் பார்க்கணுமா?"

பேச்சுவாக்கில் மெக்கானிக் பட்டனை அமுக்க, கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாடிக்குச் சற்று மேலே 'டக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, வெளிய யாரு இருக்கா?"

"நீ."

"நான் இங்க இருக்கேன்."

"அதான் தெரியுதே."

மெக்கானிக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிஃப்ட் பெட்டியின் பக்கவாட்டில் நீண்ட தகடு ஒன்று உண்டு. மாடிப் பூட்டின் உருளையை உரசாமல், நூலிழை இடைவெளியில் அது கடந்து போக வேண்டும். மூன்றாம் மாடி உருளையின் நட்டைப் பாதி முடுக்கும்போதுதான் மச்சான் போன் பேச்சைக் கிளப்பினான். மீதிப் பாதியை முடுக்க வேண்டிய ஸ்பேனரைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நின்றார் இவர். நட்டு நழுவியிருக்கிறது, உருளை சரிந்திருக்கிறது, தகடு உரசியிருக்கிறது. கம்பியில் கோத்த மணிகளில் ஒன்று விடுபட்டது. கண்ட்ரோலர் தன் கடமையைச் செய்துவிட்டது. இனி வெளியே யாராவது ரீசெட் செய்யும்வரை அசையாது.

மச்சான் பெருமையோடு தன் போனை எடுத்தான். பார்த்தான். மேலே தூக்கிப் பிடித்தான். மூலைக்கு மூலை நகர்ந்தான்.

"சிக்னல் இல்ல."

"இரும்புப் பெட்டிடா இது. அலை உள்ள வராது. உன் போன் அதையும் தானாப் பார்த்துக்கட்டுமே."

"உங்க போன் எங்க?"

"மேல. டூல் பையில."

"அப்ப கத்துவோமா?"

"கத்தாதே! லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுல மாட்டிக்கிட்டான்னு இந்தக் கட்டடம் முழுக்கச் சிரிக்கும். அவசர பட்டனை அமுக்கு. அதுக்குத் தனி ஆன்டெனா கூரையில இருக்கு."

மச்சான் மஞ்சள் பட்டனை அமுக்கினான். ஒலிபெருக்கியில் மணி அடிப்பது கேட்டது. அதே நேரம், தலைக்கு மேலே, நாலாம் மாடி வாசலில் ஒரு போன் உற்சாகமாகப் பாட ஆரம்பித்தது. மெக்கானிக்கின் ரிங்டோன்.

அவசர அழைப்பு கம்பெனிக்குப் போகும். கம்பெனி அதை அன்றைய டியூட்டி மெக்கானிக்கின் போனுக்குத் திருப்பிவிடும். அன்றைய டியூட்டி மெக்கானிக் இவர்தான்.

மச்சான் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, உங்களுக்கு நீங்களே போன் பண்றீங்க. எடுங்க மாமா, எடுங்க!"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்தைத் தாண்டியிருந்தது. அலமாரி மாதிரி இறக்கக் கூடாது என்று சொன்ன முகம் கண் முன்னால் நின்றது. போன் இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை பாட்டு பாதியில் நின்றது.

"யாருங்க? ரொம்ப நேரமா அடிக்குது, அதான் எடுத்தேன்," என்றது ஒலிபெருக்கி. டீச்சரின் குரல்.

"டீச்சர், நான்தான், லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃப்ட் மெக்கானிக்கோட போன்தான் என் கையில இருக்கு."

"ஆமாங்க. நாங்க லிஃப்டுக்குள்ள இருக்கோம். மாட்டிக்கிட்டோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"ஒருத்தர் வெளிய நிக்க வேணாமா? எனக்கே தோணுதே."

மெக்கானிக் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான்.

"பேசிக்கிட்டே ஏறிட்டோம் டீச்சர்."

"அப்படி என்ன பேச்சு?"

"போன்... எந்த போன் நல்லதுன்னு."

டீச்சரின் சிரிப்பு ஒலிபெருக்கியிலும் கேட்டது, கதவிடுக்கு வழியாக நேராகவும் கேட்டது.

"சரி, நான் என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு."

"உங்களுக்கு இடது பக்கம் ஒரு இரும்புக் கேபினட் இருக்கு. கதவு..." மெக்கானிக் தயங்கினார். பூட்டாமல் வந்திருக்கிறார். எந்த நாளிலும் செய்யக் கூடாத காரியம். "கதவு திறந்திருக்கும்."

"திறந்துதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு பார்த்தியா?" என்று மெக்கானிக் மச்சானிடம் கிசுகிசுத்தார். "திறந்திருந்ததாலதான் தப்பிச்சோம்."

"பூட்டின உங்க போனை ஒருத்தரால எடுத்துப் பேச முடிஞ்சதாலதான் தப்பிச்சோம்," என்று அவனும் கிசுகிசுத்தான். "எல்லாம் மூடியிருக்கணும், தேவையான ஒரு வழி மட்டும் திறந்திருக்கணும். அதான் என் கட்சி."

"இன்னுமா?" என்றது ஒலிபெருக்கி. "எனக்குக் கேட்குது."

மெக்கானிக் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "உள்ளே ஒயர்கள் எல்லாம் ஒரு கண்ணாடி மூடிக்குப் பின்னால இருக்கும். அதைத் தொடாதீங்க. மூடிக்கு வெளிய, மேல, ஒரே ஒரு பச்சை பட்டன்."

"தெரியுது. கை எட்டலை. குடை இருக்கு, அதால..."

"கம்பி எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க!"

"பதறாதீங்க. வீட்டுல மர ஸ்கேல் இருக்கு, கரும்பலகையில கோடு போடுறது." சக்கரம் உருளும் ஓசை போய், திரும்பி வந்தது. "அமுக்கட்டுமா?"

"நல்லா அழுத்தி, விட்டுடுங்க."

பெட்டி லேசாக அசைந்தது. கண்ட்ரோலர் தன்னைத்தானே ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொண்டது. பிறகு மெல்ல, நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி, பெட்டியை மூன்றாம் மாடிக்கு இறக்கியது. கதவு திறந்தது.

மெக்கானிக் மச்சானை மேலே கேபினட்டுக்கு அனுப்பினார். உருளையை நிமிர்த்தி, இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, நட்டை முழுக்க முடுக்கினார். பிறகு முடுக்கிவிட்டோமா என்று இன்னொரு முறை முடுக்கிப் பார்த்தார். நாலாம் மாடிக்கு ஓடினார். காலிப் பெட்டியை மேலும் கீழுமாக அனுப்பி, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எங்கும் நிற்கவில்லை.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். நீல நிறப் புது உடுப்பு, மடியில் ஸ்கேல்.

"கீழ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பார்த்தீங்களா?" என்றார். "அடுத்த வருஷம் லிஃப்டுல பட்டனே இருக்காதாம். போன்ல ஆப் வழியாக் கூப்பிடணுமாம்."

"அநியாயம்," என்றார் மெக்கானிக்.

"எனக்குச் சந்தோஷம். உள்ளே நாலாம் நம்பர் என் கைக்கு எட்டாது; தினமும் ஸ்கேலாலதான் அமுக்குறேன். ஆனா ரெண்டாம் மாடியில கண்ணு தெரியாத ஒருத்தர் இருக்கார். அவர் மேடா இருக்கிற நம்பரை விரலால தடவித்தான் அமுக்குறார். கண்ணாடித் திரையில அவர் எதைத் தடவுவார்? புதுசைக் கொண்டு வாங்க, பழசைப் பிடுங்காதீங்கன்னு குடியிருப்போர் சங்கத்துல சொல்லிட்டேன்."

மெக்கானிக்கும் மச்சானும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். தலையாட்டியதைப் பார்த்து இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"இப்ப யாரு என்கூட வர்றது, யாரு வெளிய நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்," என்றார் மெக்கானிக். மச்சான் டீச்சரோடு உள்ளே போனான். கதவு மூடியது.

கேபினட்டின் சின்னத் திரையில் 4 என்ற எண் தெரிந்தது. மெக்கானிக் மூச்சை இழுத்துப் பிடித்தார். எண் மாறியது. 3. இத்தனை வருடத் தொழிலில், ஓர் எண் இவ்வளவு மெதுவாகத் தாண்டிப் போய் அவர் பார்த்ததில்லை. 2 வந்தது. அவர் மூச்சு விட்டார். 1 தாண்டித் தரைத்தளம் வந்தது. கீழே கதவு திறக்கிற சத்தமும், அதோடு சேர்ந்து, அங்கே காத்திருந்த வீட்டுக்காரர்களின் கைதட்டலும் மேலே ஏறி வந்தன.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். வியர்த்து விறுவிறுத்து, கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டபடி ஒரு புதுச் சட்டைக்காரர் நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். பின்னால் இரண்டு பேர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு.

"எங்க... எங்க அவங்க? தூக்கிட்டுப் போக வந்தோம்."

"போயிட்டாங்களே. இப்பத்தான் கீழ போனாங்க," என்றார் மெக்கானிக். "லிஃப்டுல."

மாப்பிள்ளை படிகளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. நண்பர்களில் ஒருவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க, லிஃப்டை மேல கூப்பிடுறேன்," என்று மெக்கானிக் பட்டனுக்குக் கையை நீட்டினார்.

"வேணாங்க. அது வர்றதுக்குள்ள அவங்க எனக்கு முன்னாடி கல்யாணத்துக்குப் போயிடுவாங்க," என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.